ஊரின் தன்மையும் உரிமைச் செய்தியும்

கேள்வி இதுதான்: ஒரே வகையான மனித உரிமை மீறல் ஒரு நகரத்து நாளிதழில் முதற்பக்கச் செய்தியாகவும் இன்னொரு நகரத்து நாளிதழில் உள்பக்க மூலையில் நான்கு வரியாகவும் வருகிறதே, அதற்கு ஆசிரியர்களின் கொள்கை காரணமா, அல்லது அந்த நகரங்களில் வாழும் மக்களின் வருமானம், கல்வி, இனம், சமயம், வயது போன்ற தன்மைகள் காரணமா? இரண்டும் காரணம் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் ஊடக ஆய்வுத் துறையில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளைப் படித்தவரையில், மக்களின் தன்மைதான் ஆழமான காரணம் என்று நான் கருதுகிறேன். அந்தத் தன்மை வெறும் தலை எண்ணிக்கையாகச் செய்திக்குள் நுழைவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாருடைய புகாரை ஒரு நாளிதழால் தட்டிக்கழிக்க முடியாது என்ற வழியாகவே அது நுழைகிறது. ('சமூகம்' என்ற சொல்லை இங்கே ஒரு நகரத்தில் அல்லது வட்டாரத்தில் சேர்ந்து வாழும் மக்கள் அனைவரையும் குறிக்கவே பயன்படுத்துகிறேன், தமிழில் அதற்குள்ள மற்றப் பொருள்களை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடலாம்.)

2004 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகர நாளிதழான ஹெரால்டு லீடர் தன் முதற்பக்கத்தில் ஒரு திருத்தக் குறிப்பை வெளியிட்டது. கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டமான குடிமை உரிமை இயக்கம் பற்றிய செய்திகளைத் தான் வெளியிடத் தவறிவிட்டதாகவும், அதற்கு வருந்துவதாகவும் அந்தக் குறிப்பு கூறியது. வழக்கமாகப் பெயர் பிழைக்கும் தேதிப் பிழைக்கும் போடப்படும் திருத்தம், நாற்பது ஆண்டு கழித்து ஒரு காலகட்டம் முழுவதற்கும் போடப்பட்டது. அதே நகரத்தில் கறுப்பின மக்கள் உணவகங்களில் அமர்ந்து போராடினார்கள், ஊர்வலம் போனார்கள், கைதானார்கள். அவையெல்லாம் தெரியாமல் விட்டுப்போன செய்திகள் அல்ல. போராட்டத்தைப் பெரிதாகக் காட்டாமல் இருந்தால் அது தானாக அடங்கிவிடும், ஊரின் அமைதி கெடாது என்று நாளிதழின் அன்றைய நிர்வாகம் நினைத்தது. இதில் 'ஊர்' என்று அவர்கள் மனத்தில் யாரை வைத்திருந்தார்கள் என்பதுதான் நம் கேள்வியின் மையம்.

இதற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தவர்களில் முதன்மையானவர்கள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் டிச்செனர், ஜார்ஜ் டோனஹியூ, கிளாரிஸ் ஓலியன் ஆகிய மூவர். அம்மாநிலத்தின் சிற்றூர்களையும் நகரங்களையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு ஆராய்ந்த அவர்கள் கண்டது எளிமையானது. ஒரே தொழிலையும் ஒரே வகை மக்களையும் கொண்ட சிற்றூரில் ஆசிரியர், ஆலை முதலாளி, நகர மன்றத் தலைவர் ஆகியோர் ஒருவரையொருவர் நேரில் அறிந்தவர்கள். சச்சரவு எழுந்தால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், நாளிதழ் அதை அச்சேற்றாது, அல்லது தீர்ந்த பிறகு 'இணக்கம் ஏற்பட்டது' என்று எழுதும். பல தொழில்களும் பல இனங்களும் பல அதிகார மையங்களும் உள்ள பெருநகரில் ஒரு தரப்பு மற்றொன்றை நேரில் சந்திப்பதே அரிது. ஆகவே ஒருவர் குரல் இன்னொருவரை எட்டுவதற்கு நாளிதழே வழியாகிறது, மோதல் அங்கே செய்தியாகிறது. ஊடகத்தை மக்களுக்காகக் காவல் காக்கும் நாய் என்று சொல்வது பழைய உவமை. 1995-ல் வெளியான கட்டுரையில் இம்மூவரும் அதைச் சற்றுத் திருப்பினார்கள்: நாய் காவல் காப்பது உண்மைதான், ஆனால் தெருவுக்காக அல்ல, சோறு போடும் வீட்டுக்காகக் காக்கிறது; வீட்டுக்காரர்களுக்குள்ளேயே சண்டை வந்தால் அவர்களில் ஒருவரைப் பார்த்தும் அது குரைக்கும். உரிமை மீறல் பற்றிய செய்திகள் திடீரென்று பெருகும் நேரங்களைக் கவனித்தால் இந்த உவமையின் கூர்மை விளங்கும். பாதிக்கப்பட்டவர்கள் முறையிட்ட நாளில் வராத செய்தி, அதிகாரத்தில் உள்ளவர்களுக்குள் பிளவு ஏற்பட்ட நாளில் வந்துவிடும்.

இந்தக் கருத்தை எண்களால் அளந்து பார்க்க முயன்றவர் நியூ ஜெர்சி கல்லூரிப் பேராசிரியர் ஜான் பொல்லாக். கருக்கலைப்பு உரிமை குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-ல் அளித்த தீர்ப்பை வெவ்வேறு நகர நாளிதழ்கள் எவ்வாறு எழுதின என்று ஒப்பிட்ட அவருடைய குழுவின் ஆய்வு 1978-ல் வெளிவந்தது. அதன் பிறகு அவரும் அவர் மாணவர்களும் ஆள்கடத்தல், புலம்பெயர்ந்தோர், நோயாளிகளின் உரிமை எனப் பல பொருள்களுக்கு அதே முறையை விரித்தார்கள். அளவை இப்படி அமைகிறது. ஒவ்வொரு செய்திக்கும் அது எந்தப் பக்கத்தில் வந்தது, தலைப்பு எத்தனை சொல், செய்தி எவ்வளவு நீளம், படம் உண்டா என்று பார்த்து 3 முதல் 16 வரை மதிப்பெண் தருகிறார்கள். பிறகு அந்தச் செய்தி உரிமை கோருபவருக்குச் சாதகமா, பாதகமா, நடுநிலையா என்று பிரிக்கிறார்கள். சாதகச் செய்திகளின் மதிப்பெண் கூட்டுத்தொகையிலிருந்து பாதகச் செய்திகளின் கூட்டுத்தொகையைக் கழித்து, எல்லாச் செய்திகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் +1 முதல் −1 வரை ஓர் எண் கிடைக்கும். கற்பனையாக ஒரு நாளிதழை எடுத்துக்கொள்வோம்: சாதகச் செய்திகள் 12, 9, 7 ஆக 28, பாதகச் செய்திகள் 5, 3 ஆக 8, நடுநிலைச் செய்தி ஒன்று, மதிப்பெண் 4. மொத்தம் 40, விடை 0.50. வாசகர் கண்ணில் பட்ட அளவும் செய்தியின் சாய்வும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடுவதுதான் இதன் நன்மை; பதினாறாம் பக்கத்துப் பரிவுச் செய்தியும் முதற்பக்கத்துப் பழிச்செய்தியும் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டதாகக் கணக்குக் காட்ட இதில் வழியில்லை.

இப்படிக் கிடைத்த எண்ணை அந்த நகரத்தின் மக்கள்தொகைக் குறியீடுகளோடு பொருத்திப் பார்க்கிறார்கள்: பட்டதாரிகள் எத்தனை விழுக்காடு, வறுமைக் கோட்டுக்குக் கீழ் எத்தனை பேர், வெளிநாட்டில் பிறந்தவர்கள் எவ்வளவு, லட்சம் பேருக்கு மருத்துவர்கள் எத்தனை, எந்தச் சமயத்தவர் எவ்வளவு, எந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பன போன்றவை. நாடுகளை ஒப்பிடும்போது குழந்தை இறப்பு விகிதம், பெண்களின் எழுத்தறிவு போன்றவற்றை எடுத்துக்கொள்கிறார்கள். பொருத்திப் பார்ப்பதற்கு முன்னர் அவர்கள் வைத்துக்கொள்ளும் கருதுகோள்களில் சில சுவையானவை. வசதியும் கல்வியும் மிகுந்தவர்கள் அதிகம் வாழும் நகரத்தில், வாழ்க்கையின் நிச்சயமின்மை அவர்களைத் தொடாததால், பிறருடைய உரிமைக் கோரிக்கைக்கு நாளிதழ் இடம் தரும் என்பது ஒன்று. 1991-ல் கிளாரன்ஸ் தாமஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்படும்போது அவர்மீது அனிதா ஹில் பாலியல் தொல்லைக் குற்றம் சாட்டியதைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்தபோது, படித்தவர்களும் உயர்தொழில் செய்பவர்களும் மிகுந்த நகரங்களின் நாளிதழ்கள் ஹில்லுக்குச் சாதகமாக இருந்ததாகக் காணப்பட்டது. ஆனால் அதே வசதி படைத்தவர்களின் பாதுகாப்புணர்வையே ஒரு கோரிக்கை தொட்டுவிட்டால் செய்தியின் சாய்வு தலைகீழாகும் என்பது அடுத்த கருதுகோள். தொலைநாட்டு அகதிக்காக உருகும் நாளிதழ், அகதிகள் முகாம் தன் வாசகர்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் வரப்போகிறது என்றால் 'பாதுகாப்பு', 'நெரிசல்' என்று எழுதத் தொடங்குவதை இதைப் படிப்பவர்கள் பலரும் பார்த்திருக்கக்கூடும்.

மூன்றாவது கருதுகோள் வறியவர்களும் வேலையற்றவர்களும் அதிகம் உள்ள நகரத்து நாளிதழ் அவர்கள் பக்கம் சாயும் என்கிறது. நாளிதழ்கள் விளம்பரதாரர் விரும்பும் வாசகர்களையே நாடுகின்றன என்ற பொதுவான எண்ணத்துக்கு இது முரணானது. அதனாலேயே சோதித்துப் பார்க்கத் தக்கது. என் கருத்தில் இக்கோட்பாட்டின் மிகப் பலவீனமான இடமும் இதுதான்.

ஏன் என்பதற்கு மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரின் டபிள்யூஎல்பிடி தொலைக்காட்சி நிலையம் நல்ல சான்று. அதன் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். எண்ணிக்கை பேசும் என்றால் அந்த நிலையம் அவர்களுடைய உரிமைப் போராட்டத்தைப் பற்றி ஓரளவாவது பேசியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: அவர்களுடைய வழக்கறிஞர் துர்குட் மார்ஷல் தேசிய ஒளிபரப்பில் பேசியபோது, கம்பி வடத்தில் கோளாறு என்று அட்டை காட்டி அதைத் துண்டித்தது. நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் தகவல் தொடர்பு அலுவலகமும் உள்ளூர் மக்களும் 1964-ல் முறையிட்டபோது, ஒளிபரப்பால் பணரீதியாகப் பாதிக்கப்படாத நேயர்களுக்கு முறையிடும் தகுதியே இல்லை என்றது மத்திய தகவல் தொடர்பு ஆணையம். 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தகுதி நேயர்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 1969-ல் உரிமத்தை ரத்து செய்தது. பாதிப் பேருக்குச் சற்றே குறைவாக இருந்த ஒரு மக்கள் தொகுதி, முறையிடும் தகுதி சட்டத்தால் ஒப்புக்கொள்ளப்படும்வரை ஒளிபரப்பாளரின் கணக்கில் இல்லாமலே இருந்தது. ஆகவே ஒரு நகரின் மக்கள்தொகை அட்டவணையைப் பார்த்து 'இத்தனை விழுக்காடு இருக்கிறார்கள், இவர்களைப் பற்றி இவ்வளவு செய்தி வரும்' என்று கணிப்பவர், அவர்களுக்கு வாக்குரிமை உண்டா, சங்கம் உண்டா, வழக்குத் தொடுக்க வழி உண்டா, விளம்பரம் தரும் வணிகர்களில் அவர்கள் இருக்கிறார்களா என்பதையும் அதே அட்டவணையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஃப்ளிண்ட் நகரத்துக் குடிநீர் விவகாரம் இதையே வேறொரு வழியில் காட்டுகிறது. மிச்சிகன் மாநிலத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த, ஐந்தில் இருவர் வறுமையில் உழன்ற நகரம் அது. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஆளுகையில் அது இருந்தது. அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குக் கையெழுத்திடும் அதிகாரமே பறிபோயிருந்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நீராதாரம் ஃப்ளிண்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் பழைய குழாய்களின் ஈயம் நீரில் கலந்தது. நிறம் மாறிய நீரைப் புட்டிகளில் நிரப்பி மக்கள் கூட்டங்களுக்கு எடுத்துச் சென்று காட்டினார்கள். உள்ளூர்ச் செய்தியாளர்கள் அதை எழுதவே செய்தார்கள், ஆனால் நீர் பாதுகாப்பானது என்ற அதிகாரிகளின் மறுப்பும் அதே செய்தியில் அதே எடையோடு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், இந்த நீர் இயந்திர உதிரிபாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் தொழிற்சாலைக்கு வேறு நீரைப் பெற்றுக்கொண்டது. இரும்பின் புகார் கேட்கப்பட்டது. குழந்தைகளின் புகார் இன்னும் ஓராண்டு காத்திருந்தது. பல்கலைக்கழகப் பொறியாளர் குழு ஒன்றின் நீர்ச் சோதனையும், மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா 2015 செப்டம்பரில் வெளியிட்ட குழந்தைகளின் இரத்த ஈய அளவும் வந்த பிறகே அதிகாரிகளின் மறுப்பு உடைந்தது. தேசிய ஊடகங்களின் வெள்ளம் 2016 ஜனவரியில், அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது செய்தியின் அளவைவிட, பழி யார் தலையில் வைக்கப்படுகிறது என்பதாகும். ஓர் உரிமை மீறலை எழுதும்போது அதைத் தனி ஒருவரின் துயரக் கதையாகச் சொல்லலாம். அல்லது அதைச் சாத்தியமாக்கிய சட்டம், நிர்வாகம், பணம் ஆகியவற்றின் கதையாகச் சொல்லலாம். முதல் வகைச் செய்தியைப் பார்ப்பவர்கள் பொறுப்பைத் தனிமனிதர்கள்மேல் ஏற்றுகிறார்கள் என்றும், இரண்டாம் வகையைப் பார்ப்பவர்கள் சமுதாயத்தின்மேலும் அரசின்மேலும் ஏற்றுகிறார்கள் என்றும் அரசியல் தகவல் தொடர்பு ஆய்வாளர் ஷாண்டோ ஐயங்கார் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்துச் செய்த சோதனைகளில் காட்டினார். அவருடைய நூல் 1991-ல் வந்தது. பொல்லாக் குழுவினரும் சில ஆய்வுகளில் 'சாதகம், பாதகம்' என்பதற்குப் பதிலாக 'அரசின் பொறுப்பு, சமுதாயத்தின் பொறுப்பு' என்று பிரித்துப் பார்க்கிறார்கள். வசதியான நகரத்து நாளிதழ் பரிவோடு எழுதலாம், கண்ணீர் வரும்படி எழுதலாம். ஆனால் தன் வாசகர்கள் செலுத்தும் வரியையோ, வைத்திருக்கும் பங்குகளையோ அந்தத் துயரத்தோடு இணைத்து எழுதுவது வேறு வகைத் துணிவு. பரிவையும் பொறுப்பையும் ஒரே பெட்டிக்குள் 'சாதகம்' என்று போட்டுவிடும் ஆய்வுகளை நான் சற்று எச்சரிக்கையோடே படிப்பேன்.

சமூகத்தின் தன்மை எந்த வழியாக அச்சுக்குள் இறங்குகிறது? மிக வெளிப்படையான வழி பணம். மிசிசிப்பியில் இன்னொரு லெக்சிங்டன் உண்டு. அங்கே வார இதழ் நடத்திய ஹேசல் பிரானன் ஸ்மித், 1954-ல் கறுப்பின இளைஞர் ஒருவரை மாவட்டக் காவல் தலைவர் சுட்டதைக் கண்டித்து எழுதினார். அவதூறு வழக்குப் போடப்பட்டது. பத்தாயிரம் டாலர் இழப்பீடு விதித்த தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் பின்னர் தள்ளுபடி செய்தது. வழக்கில் தப்பிய இதழை விளம்பரத்தில் பிடித்தார்கள்: இனப் பிரிவினையைக் காக்க அமைந்த வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தினர் விளம்பரங்களை நிறுத்தச் செய்தார்கள், போட்டி இதழ் ஒன்றும் தொடங்கப்பட்டது. 1964-ல் அவருக்கு அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. இதழ் கடனிலேயே ஓடி 1985-ல் நின்றது. 1957-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் சேர்வது தடுக்கப்பட்டபோது சட்டத்தின் பக்கம் நின்ற ஆர்கன்சாஸ் கெஜட் நாளிதழும் அடுத்த ஆண்டு இரண்டு புலிட்சர் பரிசுகளைப் பெற்றது, சந்தாதாரர்களையும் விளம்பரங்களையும் இழந்தது. ஆசிரியரின் கொள்கைதான் எல்லாம் என்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கோ அவை ஊரை மீறி எழுதுவதற்கு என்ன விலை என்பதைக் காட்டும் ரசீதுகளாகவே தெரிகின்றன. விலையைக் கொடுத்த ஆசிரியர்கள் உண்டு; பெரும்பாலோர் கொடுக்கவில்லை என்பதாலேயே இவர்கள் பெயர் நினைவில் நிற்கிறது.

அடுத்த வழி ஆசிரியர் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. 1967-ல் அமெரிக்க நகரங்களின் கறுப்பினப் பகுதிகளில் வெடித்த கலவரங்களை விசாரித்த கெர்னர் ஆணையம் 1968-ல் தந்த அறிக்கையில் ஊடகங்களுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியது. ஆசிரியர் பணிகளில் கறுப்பினத்தவர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு என்றும், பத்திரிகைகள் வெள்ளையரின் கண்களாலேயே உலகைப் பார்க்கின்றன என்றும் அது சொன்னது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கலவரத்தைப் பற்றிய செய்திகள் குறைவு என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு அல்ல, ஏராளமாகவே வந்தன. கலவரத்துக்கு முந்தைய நாள்களின் வீட்டு வாடகை, காவல்துறைக் கெடுபிடி, வேலையின்மை ஆகியவை வரவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அந்தத் தெருவில் வாழாதவருக்கு அன்றாடம் நடக்கும் அநீதி செய்தியாகத் தோன்றாது, அது வெடிக்கும் நாள் மட்டுமே செய்தியாகத் தோன்றும். மூன்றாவது வழி, செய்தியாளர் யாரை வழக்கமாகத் தொலைபேசியில் கூப்பிடுகிறார் என்பது. காவல் நிலையமும் நீதிமன்றமும் அரசு அலுவலகமும் நாள்தோறும் தகவல் தருகின்றன, பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஓர் அலுவலகம் இருந்தால்தான் அவர்கள் பெயரும் அந்தத் தொலைபேசிப் பட்டியலில் ஏறும்.

பட்டியலில் ஏறாதவர்கள் சொந்தமாக அச்சகம் வைத்துக்கொண்டார்கள் என்பதும் இந்த வரலாற்றின் பகுதி. மெம்ஃபிஸ் நகரில் கும்பல் கொலைகளை விசாரித்து எழுதிய கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் பத்திரிகை அலுவலகம் 1892-ல் அடித்து நொறுக்கப்பட்டது. அவர் வேறு நகரங்களிலிருந்து எழுதுவதைத் தொடர்ந்தார். 1955-ல் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் சிதைந்த முகத்தின் படத்தை வெளியிட்டது கறுப்பின வாசகர்களுக்கான ஜெட் இதழ். பெரும்பான்மையினரின் நாளிதழ்களை மட்டும் எடுத்து அளக்கும் ஆய்வு, அந்த நகரத்தில் அப்போது உண்மையில் எழுதப்பட்டதில் ஒரு பாதியைத்தான் அளக்கிறது.

இனி, இந்த ஆய்வுகளைப் பயன்படுத்த நினைப்பவருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. நகரங்களின் சராசரியை வைத்துத் தனிமனிதர்களைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-ல் காட்டிய சான்று இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது: அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்டால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதலாக இருந்தது; தனித்தனி ஆள்களாக ஒப்பிட்டால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு குறைவாக இருந்தது. குடியேறியவர்கள் ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களுக்குப் போனார்கள் என்பதே விளக்கம். அதுபோலவே பட்டதாரிகள் மிகுந்த நகரத்து நாளிதழ் உரிமைகளுக்குச் சாதகமாக எழுதினால், பட்டதாரிகள் அதை விரும்பினார்கள் என்று ஆகிவிடாது. அந்த நகரத்தில் பல்கலைக்கழகம் இருக்கலாம், அங்கே உரிமை அமைப்புகளும் வழக்கறிஞர்களும் கூடியிருக்கலாம், செய்தியாளருக்குத் தகவல் அவர்களிடமிருந்து வந்திருக்கலாம். ஒப்பிடப்படும் நாளிதழ்கள் பெரும்பாலும் இருபது, முப்பதுதான் என்பதால் ஒன்றிரண்டு நகரங்களே முடிவைச் சாய்த்துவிடவும் முடியும்.

மேலும், இக்கோட்பாடு ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு நாளிதழ் உண்டு என்ற உலகத்தில் பிறந்தது. அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு 2,500-க்கும் மேற்பட்ட நாளிதழ்களும் வார இதழ்களும் மூடப்பட்டுவிட்டன. இப்போது உள்ளூர் இதழே இல்லாத மாவட்டங்கள் சராசரியைவிட ஏழ்மையானவை, முதியவர்கள் அதிகம் வாழ்பவை என்று இதழியல் ஆய்வாளர் பெனலபி அபர்னதியின் கணக்கெடுப்புகள் காட்டின. வறியவர்கள் மிகுந்த ஊரின் நாளிதழ் வறியவர் பக்கம் சாயுமா என்று கேட்பதற்கு அங்கே முதலில் ஒரு நாளிதழ் வேண்டும்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு வெவ்வேறு நகரத்து நாளிதழ்களில் ஆறு மாதச் செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மதிப்பெண்ணைப் போடுங்கள்; அதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு செய்தியிலும் பெயரோடு மேற்கோள் காட்டப்பட்டவர்கள் யார் யார், அவர்களில் முதலில் பேசுபவர் யார், பாதிக்கப்பட்டவர் எத்தனையாவது பத்தியில் வாய் திறக்கிறார் என்று தனியே குறித்து வாருங்கள். மக்கள்தொகை அட்டவணையை அதற்குப் பிறகு திறப்பது நல்லது. முன்னரே திறந்தால், நாம் எதிர்பார்ப்பதையே செய்தியில் கண்டுபிடிக்கும் பழக்கம் நமக்கும் உண்டு.